ஒரே அலமாரியில் புலித்தேவரும் மருதநாயகமும்

சென்னைப் புத்தகக் காட்சிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு அந்த அலமாரி நன்றாகத் தெரிந்திருக்கும். நாற்பது ஐம்பது பக்கத்தில் மெல்லிய புத்தகங்கள். அட்டையில் முறுக்கிய மீசை, உருவிய வாள், பின்னால் எரிகிற கோட்டை. கட்டபொம்மன், மருது பாண்டியர், வேலு நாச்சியார், ராஜேந்திர சோழன், நேதாஜி. அவர்களுக்குப் பக்கத்தில் சத்ரபதி சிவாஜி, ஜான்சி ராணி, நெப்போலியன், அலெக்சாண்டர். எழுத்து பெரிதாக இருக்கும், விலையும் கையைக் கடிக்காது. நந்தனத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே ஒரு குழந்தை ஒன்றைப் படித்து முடித்துவிடும்.

அந்த வரிசையில் புலித்தேவரும் இருப்பார், மருதநாயகமும் இருப்பார். இரண்டு பேரின் கதையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் முடியும்: அந்நியனுக்கு அடிபணியாத மாவீரன், மண்ணுக்காக உயிரைக் கொடுத்தவன். இரண்டையும் வாங்கிப் படிக்கிற குழந்தைக்கு, இருவரும் தோளோடு தோள் நின்று வெள்ளைக்காரனை எதிர்த்தார்கள் என்றுதான் தோன்றும்.

நடந்தது வேறு. 1755-இல் கர்னல் ஹெரான் தலைமையில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை திருநெல்வேலிச் சீமைக்குப் போனபோது, அதில் சிப்பாய்களுக்குத் தலைவராகப் போனவர் யூசுப் கான். ராபர்ட் கிளைவின் படையில் சேர்ந்து பெயர் வாங்கியவர். நாம் இன்று மருதநாயகம் என்று கொண்டாடுகிறவர் அவர்தான். கப்பம் கட்ட மறுத்த நெற்கட்டும்செவல் புலித்தேவரை ஹெரானால் பணிய வைக்க முடியவில்லை. அந்த வேலையை அடுத்த சில ஆண்டுகளில் முடித்துக் கொடுத்தவர் யூசுப் கான். 1761-இல் புலித்தேவரின் கோட்டைகள் அவரிடம்தான் விழுந்தன. அதற்கு முன்பே, 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, கோட்டைக்கு வெளியே நின்று பிரெஞ்சுக்காரர்களை நிம்மதியாக இருக்க விடாமல் அலைக்கழித்தவர்களில் அவரும் ஒருவர். கம்பெனி இந்த ஊரில் தப்பிப் பிழைத்ததில் அவருக்கும் பங்கு உண்டு. பிற்பாடு மதுரையை நிர்வகித்தார்; ஆற்காட்டு நவாபோடும் கம்பெனியோடும் முரண்பட்டுத் தனித்து நிற்கத் துணிந்தார்; உடன் இருந்தவர்களே பிடித்துக் கொடுக்க, 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிடப்பட்டார்.

என் அக்கா மகள் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். இரண்டு பேரைப் பற்றியும் படித்திருந்த அவளிடம் இதைச் சொன்னேன். "அப்போ ரெண்டு பேர்ல யாரு மாமா நல்லவங்க?" என்று கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே, "கம்பெனிக்காகச் சண்டை போட்டவரு அப்புறம் ஏன் கம்பெனியையே எதிர்த்தாரு?" என்றாள். வரலாறு அந்த இரண்டாவது கேள்வியில்தான் தொடங்குகிறது. நம் குழந்தைப் புத்தகங்கள் முதல் கேள்விக்கு முன்பே பதில் சொல்லிவிடுகின்றன. அதனால் இரண்டாவது கேள்வி பிறக்கவே வழியில்லாமல் போகிறது.

குழந்தைக்கு எழுதும்போது சுருக்கித்தான் ஆக வேண்டும். ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கர்நாடகப் போர்களின் ஒப்பந்தங்களை எல்லாம் வரிசைப்படுத்திச் சொல்ல முடியாது. ஆனால் சுருக்குவது வேறு, சுத்தப்படுத்துவது வேறு. சுருக்கும்போது பத்து சம்பவத்தில் மூன்று நிற்கும். சுத்தப்படுத்தும்போது நாயகனின் சட்டையில் கறை படியும் இடங்கள் மட்டும் பார்த்துப் பார்த்து நீக்கப்படும். அதோடு சேர்ந்து, அவரைச் சுற்றியிருந்த மனிதர்களும் காணாமல் போவார்கள். என் கவலை பெரும்பாலும் இந்தக் காணாமல் போனவர்களைப் பற்றியது.

இது நம் ஊரில் மட்டும் நடப்பது இல்லை. அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டன் இறந்த சூட்டோடு, மேசன் வீம்ஸ் என்ற பாதிரியார் அவர் வரலாற்றை எழுதி ஊர் ஊராக விற்றார். சிறுவன் வாஷிங்டன் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு, அப்பாவிடம் பொய் சொல்லாமல் ஒப்புக்கொண்ட கதை 1806-இல் வந்த பதிப்பில் நுழைந்தது. ஆதாரம் எதுவும் இல்லாத அந்தக் கதை கடல் தாண்டி நம் நீதிபோதனை வகுப்பு வரைக்கும் வந்து சேர்ந்தது. அதே வாஷிங்டனின் பண்ணையில் அவர் இறந்த 1799-இல் 300-க்கும் மேற்பட்ட அடிமைகள் இருந்தார்கள் என்பது அப்படிப் பயணம் செய்யவில்லை. தமிழில் இந்த வகை எழுத்துக்கு வேறொரு நியாயமும் இருந்தது. வ.வே.சு. ஐயர் நெப்போலியனையும் கரிபால்டியையும் பற்றித் தமிழில் எழுதியபோது நாடு அடிமைப்பட்டுக் கிடந்தது. பயந்து கிடந்தவர்களைத் தட்டி எழுப்பத் துணிச்சல்காரர்களின் கதை தேவைப்பட்டது. அந்தத் தேவையை நான் மதிக்கிறேன். ஆனால் விடுதலை கிடைத்து இத்தனை காலம் ஆன பிறகும், அதே அச்சில்தான் ஒவ்வொரு வீரரையும் வார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த அச்சு எல்லோருக்கும் மனப்பாடம். பிறக்கும்போதே ஓர் அறிகுறி. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பதற்குச் சாட்சியாக ஒரு சிறுவயதுச் சம்பவம். பெரும்பாலும் புலியோ முரட்டுக் குதிரையோ அதில் வரும். பிறகு ஓர் அவமதிப்பு, ஒரு முழக்கம், ஒரு போர். ஒரு துரோகி. கடைசியில் சிரித்த முகத்தோடு தூக்குக் கயிற்றை முத்தமிடும் மரணம். பெயரை மாற்றினால் போதும், எந்த ஊர் வீரனுக்கும் பொருந்திவிடும்.

கட்டபொம்மனை எடுத்துக்கொண்டு கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். குழந்தைப் புத்தகத்தில் அவர் கதை பெரும்பாலும் ஒரே காட்சியில் அடங்கிவிடும்: ஜாக்சன் துரை வரி கேட்கிறான், கட்டபொம்மன் கர்ஜிக்கிறார். அந்தக் கர்ஜனையின் மூலம் 1959-இல் சிவாஜி கணேசன் நடித்து வந்த திரைப்படம். படத்தின் வசன நடையை அப்படியே வாங்கிக்கொண்டு, அதையே வரலாறு மாதிரி அச்சடித்துவிடுகிறார்கள். ஆகஸ்ட் 15 மாறுவேடப் போட்டியில் இதை இன்றும் பார்க்கலாம். கண்மையால் வரைந்த மீசை வியர்வையில் கன்னத்துக்கு இறங்கியிருக்கும். அட்டை வாளில் சுற்றிய ஜிகினாத் தாள் பிரிந்து தொங்கும். மேடைக்குக் கீழே அம்மா வாயசைத்து அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பார். நாலு பிள்ளைகளாவது கட்டபொம்மனாக வருவார்கள். சிப்பாயாக, தானியத்தை அளந்து கொடுத்த குடியானவனாக, கோட்டைக்குள் இருந்த பெண்ணாக ஒரு பிள்ளையும் வராது. புத்தகத்தில் அப்படி யாரும் இல்லையே!

இனி ஆவணங்கள் சொல்லும் கட்டபொம்மன். 1798-இல் கலெக்டர் ஜாக்சன் அவரை ராமநாதபுரத்துக்கு வந்து பார்க்கும்படி உத்தரவிட்டார். வழியில் குற்றாலத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சந்திக்க முயன்ற கட்டபொம்மனை ஜாக்சன் பார்க்க மறுத்தார். ஒரு பாளையக்காரர், தன் ஆட்களோடு, 23 நாள், சுமார் 400 மைல், ஒரு கலெக்டரின் பின்னாலேயே அலைந்தார். கடைசியில் செப்டம்பரில் ராமநாதபுரத்தில் பேட்டி கிடைத்தபோது மூன்று மணி நேரம் நிற்க வைத்தார்கள். கணக்குப் பார்த்தால் நிலுவை 1080 பகோடா (அந்தக் காலத்துத் தங்க நாணயம்) தான். பெரும்பகுதியை அவர் ஏற்கெனவே கட்டியிருந்தார். அங்கேயே அவரைப் பிடிக்கப் பார்த்தார்கள். கைகலப்பில் லெப்டினென்ட் கிளார்க் இறந்தார். தம்பி ஊமைத்துரையின் துணையோடு கட்டபொம்மன் தப்பினார்; அவருடைய அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளை மாட்டிக்கொண்டார்.

அதன் பிறகு கட்டபொம்மன் செய்த காரியம்தான் எனக்கு ரொம்ப முக்கியமாகத் தெரிகிறது. உடனே வாளை எடுக்கவில்லை. நியாயம் கேட்டுச் சென்னைக்கு எழுதினார். செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் அப்போது கவர்னராக இருந்தவர் எட்வர்ட் கிளைவ், ராபர்ட் கிளைவின் மகன். பிரவுன், ஓரம், காசாமேஜர் என்று மூன்று பேர் கொண்ட குழு விசாரித்தது. ராமநாதபுரத்தில் நடந்ததற்குக் கட்டபொம்மன் குற்றவாளி இல்லை என்று அது சொன்னது. சிவசுப்பிரமணிய பிள்ளை விடுதலையானார். ஜாக்சன் பதவி இழந்தார். அவர் இடத்துக்கு லூஷிங்டன் வந்தார்.

ஒரு குழந்தைக்கு இது எவ்வளவு நல்ல கதை! கோபத்தை அடக்கிக்கொண்டு 23 நாள் நடந்த ஒரு மனிதர். மூன்று மணி நேரம் நின்ற கால்கள். எதிரியின் சபையிலேயே மனுப்போட்டு ஜெயித்தவர். அப்படி ஜெயித்தும் அடுத்த ஆண்டே தூக்கில் தொங்கியவர் என்றால், நடுவில் என்னதான் நடந்தது என்று எந்தப் பிள்ளையும் கேட்கும். 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் கொல்லப்பட்டார். மைசூரில் மாட்டிக்கொண்டிருந்த கம்பெனிப் படைக்குக் கை ஒழிந்தது. உடனே தெற்கே திரும்பியது. மருது பாண்டியர் மற்ற பாளையக்காரர்களைச் சேர்த்து அமைத்துவந்த கூட்டணி பக்கம் கட்டபொம்மன் சாய்வதும் கம்பெனிக்குத் தெரிந்திருந்தது. செப்டம்பரில் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். அக்டோபர் 16 அன்று கயத்தாறில், மற்றப் பாளையக்காரர்களை வரவழைத்து அவர்கள் கண் முன்னால் விசாரணை நடத்தித் தூக்கிலிட்டார்.

கர்ஜனை மட்டும் போதும் என்று இதையெல்லாம் வெட்டி எறிகிறபோது கட்டபொம்மனுக்கும் அநியாயம் நடக்கிறது. பொறுமை, தந்திரம், தயக்கம், கணக்கு, அவமானம் எல்லாம் இருந்த ஒருவரைச் சத்தம் மட்டும் போடுகிறவராக ஆக்கிவிடுகிறோம்.

வெள்ளைக்காரன் ஏன் வரி கேட்டான் என்பதற்கும் புத்தகத்தில் பதில் இருக்காது. பேராசைக்காரன், கேட்டான், அவ்வளவுதான். அதற்கான பதில் நம் சேப்பாக்கத்தில் இருக்கிறது. ஆற்காட்டு நவாப் முகமது அலி 1768-இல் அங்கே அரண்மனை கட்டிக்கொண்டு குடியேறினார். போர்ச் செலவுக்கும் ஆடம்பரத்துக்கும் கம்பெனியிடமும், கம்பெனி அதிகாரிகளிடம் தனித்தனியாகவும் கடன் வாங்கித் தள்ளினார். கடனுக்கு ஈடாகத் தென்னாட்டு வருவாயை எழுதிக் கொடுத்தார். 1792 ஒப்பந்தத்தில் பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமை கம்பெனிக்கே போனது. சேப்பாக்கத்தில் வாங்கிய கடனைப் பாஞ்சாலங்குறிச்சிப் பக்கத்துக் கம்பங்கொல்லை கட்ட வேண்டியிருந்தது. பாளையக்காரர்களும் குடிகளிடம் காவல் வரி வாங்கி வந்தவர்கள்தான். அதுவும் சொல்லப்பட வேண்டும். மாநகராட்சிப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்கு வட்டி என்றால் என்ன என்று நம்மைவிட நன்றாகவே தெரியும். அவள் வீட்டிலும் வாரத் தவணைக்காரர் கதவைத் தட்டியிருப்பார்.

துரோகியின் கதையும் அப்படித்தான். எட்டயபுரம் பாளையக்காரர் கம்பெனியின் பக்கம் நின்றார், உண்மை. பாஞ்சாலங்குறிச்சிக்கும் எட்டயபுரத்துக்கும் எல்லைத் தகராறு வெகுநாளாக இருந்தது என்பதும் உண்மை. தப்பி ஓடிய கட்டபொம்மனைப் பிடித்துக் கம்பெனியிடம் ஒப்படைத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான். கோட்டையைத் தாக்கிய படையில் பெரும்பாலோர் தமிழும் தெலுங்கும் பேசிய சிப்பாய்கள், மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்தவர்கள். இத்தனை பேரின் பாரத்தையும் ஒருவர் தலையில் ஏற்றிவிட்டால் கதை சுலபமாகிவிடும். ஆனால் 'நம்மவர்களே ஏன் அந்தப் பக்கம் நின்றார்கள்?' என்ற கேள்வியைக் குழந்தை கேட்காமலே வளர்ந்துவிடும். சம்பளம், பயம், பழைய பகை, பட்டம் கிடைக்கும் என்ற ஆசை என்று சாதாரண மனிதர்களை அந்தப் பக்கம் இழுத்தவை பல. இவற்றைச் சிறு வயதிலேயே அறிமுகப்படுத்துவது அவசியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஏனென்றால் பிற்காலத்தில் அந்தப் பிள்ளையும் இதே இழுப்புகளுக்கு நடுவில்தான் நிற்கப் போகிறது.

ஏன் இப்படியே எழுதுகிறோம்? பணம் ஒரு காரணம். இந்தப் புத்தகங்களின் பெரிய சந்தை பள்ளிப் பரிசளிப்பு. கட்டுக் கட்டாக வாங்குகிற பள்ளிக்கு யாரையும் சங்கடப்படுத்தாத புத்தகம் வேண்டும். எழுதுகிறவருக்குக் கிடைக்கும் தொகை சொற்பம். ஆவணக் காப்பகத்தில் போய் உட்கார்ந்து படிக்க அவருக்கு நேரமும் இல்லை, கட்டுப்படியும் ஆகாது. எழும்பூரில் இருக்கிற தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கம்பெனிக் காலக் கடிதங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஆனால் குழந்தைப் புத்தகம் பெரும்பாலும் முந்தைய குழந்தைப் புத்தகத்தைப் பார்த்துத்தான் எழுதப்படுகிறது. ஒரு தவறு நுழைந்தால் தலைமுறை தலைமுறையாக ஓடும்.

இதைவிடக் கனமான காரணம் சாதி. தென்னாட்டு வீரர்கள் ஒவ்வொருவருக்கும் இன்று ஒரு சமூகம் உரிமை கொண்டாடுகிறது. ஜெயந்தி, நினைவு நாள் என்றால் சுவரொட்டியும் ஊர்வலமும் கட்டாயம் உண்டு. ஒரு வரி குறைத்து எழுதினாலும் பதிப்பகத்துக்குத் தொலைபேசி வரும் என்ற பயம் இருக்கிறது. 1997-இல் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். கட்டபொம்மனின் படையில் தளபதியாக இருந்து உயிர்விட்டவர் வீரன் சுந்தரலிங்கம். ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். விருதுநகரில் ஓர் அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு அவர் பெயரை வைத்தபோது தென் மாவட்டங்களில் எதிர்ப்பும் கலவரமும் வெடித்தன. கடைசியில் எல்லா மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையே அரசு எடுத்துவிட்டது. கட்டபொம்மனைக் கொண்டாடும் ஊரில், அவருக்காகச் செத்தவரின் பெயர் பஸ்ஸில் இருப்பதைச் சகிக்க முடியவில்லை. தனி ஒரு வீரனை மட்டும் உயர்த்திப் பிடித்து, கூட நின்றவர்களை எல்லாம் அழித்துவிடும் கதைகளில் வளர்ந்தவர்களுக்கு, அந்தப் பெயர் யாருடையது என்பதே தெரிந்திருக்காது. அந்த வெறுப்புக்குக் குழந்தைப் புத்தகம் மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை உடைக்கக் கிடைத்த ஒரு வாய்ப்பை அது ஒவ்வொரு பதிப்பிலும் தவறவிடுகிறது.

சோழர்கள் விஷயத்தில் நமக்குத் தயக்கம் இன்னும் அதிகம். ராஜேந்திரன் கங்கை வரை போனான், 1025-இல் கடாரம் கொண்டான் என்று சொல்லும்போது குரலே உயர்கிறது. எனக்கும் உயரும். கப்பல் கட்டிக் கடல் தாண்டிய திறமை பெரியதுதான். ஆனால் படை போன ஊர்களில் என்ன நடந்தது? சோழர்கள் அனுராதபுரத்தைச் சூறையாடியதையும் பௌத்த விகாரைகளைக் கொள்ளையிட்டதையும் இலங்கையின் பழைய வரலாற்று நூல் வேதனையோடு பதிந்து வைத்திருக்கிறது. தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் ஒரு துவாரபாலகர் சிலை உண்டு. சாளுக்கியரின் கல்யாணபுரத்தை அழித்து அங்கிருந்து கொண்டுவந்தது என்று அதன் பீடத்திலேயே வெட்டியிருக்கிறார்கள். செய்தவர் ராஜேந்திரனின் மகன் ராஜாதிராஜன். அவர்கள் மறைக்கவில்லை, பெருமையாகக் கல்லில் எழுதினார்கள். மறைப்பது நாம்தான்.

நம் இலக்கியமும் போரை இப்படிப் பூசி மெழுகியதில்லை. புறநானூற்றில் மன்னனைப் புகழும் பாட்டிலேயே எரிந்த ஊரும் கழுதை பூட்டி உழுத பகைவர் தெருவும் வருகின்றன. 46-ஆம் பாட்டை யோசித்துப் பாருங்கள். தோற்றுப்போன மலையமானின் பிள்ளைகளை யானைக்காலில் இடறிக் கொல்லக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான் சோழன் கிள்ளிவளவன். கோவூர் கிழார் குறுக்கே வருகிறார். ஒரு புறாவின் துன்பத்தைத் தீர்த்தவன் வழியில் வந்தவன் நீ என்கிறார். இவர்களோ புலவர்க்குப் பகுத்துக் கொடுத்து உண்டவரின் பிள்ளைகள் என்கிறார். யானையைக் கண்டதும் அழுகையை மறந்துவிட்டு, கூடியிருக்கிற புதுமுகங்களை மிரள மிரளப் பார்க்கிறார்கள் அந்தச் சிறுவர்கள். ஒரு குழந்தைப் பாத்திரம் இவ்வளவு துல்லியமாக, வென்ற அரசனின் முகத்துக்கு எதிரே நிறுத்தப்பட்ட இடம் நம் மொழியில் இருக்கிறது. ஆனால் கிள்ளிவளவனைப் பற்றிக் குழந்தைக்கு எழுத உட்கார்ந்தால், நம் கை முதலில் வெட்டுவது இந்தப் பாட்டைத்தான். புலவர் அரசனைத் தடுத்தார் என்பது அவன் வென்ற எந்தப் போருக்கும் குறைந்த சம்பவம் இல்லை.

எதிர்ப்பக்கத்து வீரன் எப்படி உருவாக்கப்படுகிறான் என்று காட்டவும் இந்த நகரத்தில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. கர்னல் நீல். சென்னைப் படைப்பிரிவோடு போய் 1857 எழுச்சியை அடக்கியவர். அலகாபாத்தில் விசாரணை என்ற பெயருக்குக்கூட இல்லாமல் ஆட்களைத் தூக்கிலிட வைத்தார். கான்பூரில் ஆங்கிலேயப் பெண்களும் குழந்தைகளுமாகச் சுமார் 200 பேர் கொல்லப்பட்ட வீட்டின் ரத்தக் கறையைக் கைதிகளை நக்க வைத்த பிறகே தூக்கிலிட்டார். பிரிட்டிஷ்காரர்களுக்கு அவர் மாவீரன். மவுண்ட் ரோட்டில் சிலை வைத்தார்கள். 1927-இல் அந்தச் சிலையை அகற்றச் சொல்லித் தொண்டர்கள் சத்தியாக்கிரகம் செய்து சிறை போனார்கள். 1937-இல் ராஜாஜி அமைச்சரவை அதைச் சாலையிலிருந்து எடுத்தது. பிற்பாடு அது எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவர்கள் கதையில் கான்பூர் வீட்டில் செத்த குழந்தைகள் இருப்பார்கள், அலகாபாத்தில் தொங்கியவர்கள் இருக்க மாட்டார்கள். நம் கதையில் அப்படியே தலைகீழ். இரண்டு பக்கத்துப் பிணத்தையும் ஒரே பக்கத்தில் எழுதுகிற குழந்தைப் புத்தகம் ஒன்றாவது வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

நேதாஜி விஷயம் எனக்கு நெருக்கமானது, அதனால் எழுதக் கஷ்டமானதும்கூட. தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் அவர் படம் சாமி படத்தோடு மாட்டியிருக்கும். காரணம் இருக்கிறது. இந்திய தேசிய ராணுவத்தில் மலேயாவின் ரப்பர் தோட்டத் தமிழர்கள் திரளாகச் சேர்ந்தார்கள். அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணி படைக்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமி சென்னையில் பிறந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். வாழ்நாள் முழுக்க மற்றவர் வீட்டுப் பால்மரத்தைச் சீவிய பெண்கள் துப்பாக்கி பிடித்து அணிவகுத்தார்கள். இந்தப் பெருமையைக் குழந்தைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

அதே மலேயாத் தோட்டங்களிலிருந்து, அதே ஆண்டுகளில், வேறொரு தமிழர் கூட்டமும் போனது. சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைக்க ஜப்பானியர்கள் 1942-43-இல் போட்ட 415 கிலோமீட்டர் ரயில்பாதைக்குக் கூலிகளாக. காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் பல்லாயிரம் தமிழர்கள் அந்தக் காட்டில் செத்தார்கள். மரண ரயில்பாதை என்ற பெயர் அப்படி வந்ததுதான். பாதை இணைந்தது 1943 அக்டோபரில். சிங்கப்பூரில் நேதாஜி சுதந்திர இந்திய அரசை அறிவித்ததும் அதே மாதம், ஜப்பானின் துணையோடு. அதற்கு முந்தைய ஆண்டு ஜெர்மனியில் ஹிட்லரைச் சந்தித்திருந்தார். இது நேதாஜியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காகச் சொல்வதில்லை. பிரிட்டனை எதிர்க்க யாரோடு கை கோர்ப்பது என்ற தேர்வு அவர் முன்னால் இருந்தது. கையில் கிடைத்தவர்கள் அப்படிப்பட்டவர்கள். அந்தத் தேர்வின் பாரத்தைக் குழந்தையிடமிருந்து ஒளித்துவிட்டால் அவருடைய தைரியத்தின் அளவும் தெரியாது, விலையும் தெரியாது. நம் புத்தகங்களில் ராணுவத்தில் சேர்ந்த தோட்டத் தமிழர் இருக்கிறார், ரயில்பாதையில் செத்த தோட்டத் தமிழர் இல்லை. இருவரும் ஒரே லயத்து வீட்டிலிருந்து கிளம்பிய அண்ணன் தம்பியாகக்கூட இருந்திருக்கலாம்.

இதெல்லாம் பிஞ்சு மனசு தாங்குமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆறு வயதுக்கு வேண்டாம், சரி. ஆனால் நம் வீடுகளில் பாட்டிகள் எந்தத் தயக்கமும் இல்லாமல் மகாபாரதம் சொல்லியிருக்கிறார்கள். தர்மர் பாதிப் பொய் சொன்னதும், தேர்ச்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டிருந்த கர்ணனை அர்ச்சுனன் கொன்றதும், அபிமன்யுவைப் பெரியவர்கள் சூழ்ந்துகொண்டு அடித்ததும் நமக்கு எட்டு வயதிலேயே தெரியும். கர்ணன் கெட்ட பக்கத்தில் நின்ற நல்லவன் என்பதைப் புரிந்துகொள்ள எந்தக் குழந்தைக்கும் விளக்கவுரை தேவைப்படவில்லை. தெருக்கூத்தில் விடிய விடிய உட்கார்ந்து அவனுக்காக அழுத பிள்ளைகள் நாம். வரலாறு என்று வந்ததும் அந்தப் பிள்ளைக்கு அறிவு குறைந்துவிட்டது மாதிரி ஏன் எழுத வேண்டும்?

செய்யக்கூடியது அதிகச் செலவில்லாதது. கடைசியில் இரண்டே பக்கம் போதும். ஒரு பக்கத்தில் வரைபடம்: பாஞ்சாலங்குறிச்சி எங்கே, ராமநாதபுரம் எங்கே, உத்தரவு வந்த சென்னை எங்கே, அந்த 400 மைல் எந்த வழி. இன்னொரு பக்கத்தில், இந்தக் கதையில் எது எங்கிருந்து தெரிந்தது என்று நாலைந்து வரிகள். இது கம்பெனிக் கடிதத்தில் இருக்கிறது, இது கதைப்பாடலில் வருகிறது, இந்த வசனம் சினிமாவுக்காக எழுதியது. பிள்ளைகளுக்கு இந்தப் பக்கம்தான் முதலில் பிடிக்கும் என்று நினைக்கிறேன். துப்புத் துலக்குவது அவர்களுக்கு விளையாட்டு. எழுதுகிறவரும் அந்தப் பக்கத்தை நிரப்ப வேண்டியிருப்பதாலேயே பழைய புத்தகத்தைப் பார்த்து அப்படியே எழுத முடியாமல் போகும்.

வேலு நாச்சியார் புத்தகத்துக்கு இதைச் செய்து பார்க்கலாம். 1772-இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டது, ராணி விருப்பாச்சிப் பக்கம் அடைக்கலம் புகுந்தது, ஹைதர் அலியிடம் உதவி கேட்டது, 1780-இல் சிவகங்கையை மீட்டது எல்லாம் ஒரு பக்கம். தன் மேல் நெய் ஊற்றித் தீ வைத்துக்கொண்டு ஆயுதக் கிடங்கில் குதித்த குயிலியின் கதை இன்னொரு பக்கம். அது வாய்மொழியாக வந்தது. சிவகங்கைச் சீமையில் மக்கள் அதைச் சொல்லிச் சொல்லிக் காப்பாற்றியிருக்கிறார்கள். அப்படியே எழுதலாம்: 'குயிலியைப் பற்றிக் காகிதத்தில் எழுதி வைத்தவர்கள் இல்லை. ஊர் மக்கள் அவள் கதையைச் சொல்லி வருகிறார்கள். அரசர்களைப் பற்றி எழுதியவர்கள் அவளைப் போன்ற பெண்களைப் பற்றி ஏன் எழுதவில்லை?' பத்து வயதுப் பிள்ளைக்கு இந்த மூன்று வாக்கியமும் புரியும். கடைசிக் கேள்வியை அது வகுப்பில் டீச்சரிடமும் போய்க் கேட்கும்.